திருத்தும் உரிமை: சமயத் தூதர் மொழிபெயர்ப்புகளை மதிப்பிடும் முறை குறித்து

அயல்நாட்டினின்று வந்து தமிழகத்தில் பணியாற்றிய கிறித்தவச் சமயத் தூதர்களின் எழுத்துகள் பற்றி இருவகைத் தீர்ப்புகள் நெடுங்காலமாக வழங்கி வருகின்றன. அவர்களது உழைப்பைத் 'தமிழ்த் தொண்டு' எனப் போற்றி, நூற்பட்டியலும் ஆண்டுக் குறிப்பும் தந்து அமைவது ஒன்று. அவர்களது உரைநடையைப் 'பாதிரித் தமிழ்' என ஒரே சொல்லால் ஒதுக்கிவிடுவது மற்றொன்று. இலக்கிய வரலாற்று நூல்கள் பலவற்றில் இவ்விரு தீர்ப்பும் அடுத்தடுத்த பத்திகளிலேயே இடம்பெறுதலைக் காணலாம். முரண்பட்டவைபோல் தோன்றினும் இவற்றுக்கு அடிப்படை ஒன்றே. அயலான் ஒருவன் தனியே அமர்ந்து தமிழ் எழுதினான் என்பதே அது. வியப்பும் எள்ளலும் அந்தத் தனியாள் கற்பனையிலிருந்தே பிறக்கின்றன.

கிடைக்கும் சான்றுகள் இக்கற்பனைக்கு இடந்தருவதாயில்லை. தூதர் எழுதிய ஒவ்வொரு தொடரின் பின்னும் அதனைச் சொல்லிக் கொடுத்தவரும், கேட்டு முகஞ்சுளித்தவரும், திருத்தியவரும், திருத்தத்தை மறுத்தவரும் நிற்கின்றனர். ஆதலின், ஒரு சமயத் தூதரின் மொழிபெயர்ப்பை மதிப்பிடுங்கால் அவருக்குத் தமிழ் எவ்வளவு தெரியும் என்னும் வினாவினும், அவரைத் திருத்தும் உரிமை யாரிடம் இருந்தது என்னும் வினாவே மிகுந்த பயன் தரும். அயலகப் பணியின் இடர்களாகவும் இன்பங்களாகவும் அவர்களே குறித்துச் சென்றவற்றை இவ்வினாவோடு சேர்த்துப் படித்தல் வேண்டும்.

முன்னோர் இருவர்

முத்துக்குளித்துறைக்கு வந்த அண்டிரிக் அடிகளார் பரதவரிடையே வாழ்ந்து, அவர்தம் பேச்சிலிருந்தே இலக்கணம் வகுக்க முயன்றவர். போர்த்துகீசிய மொழியில் அவர் எழுதிவைத்த தமிழிலக்கணக் குறிப்புகள் பதினாறாம் நூற்றாண்டின் கடற்கரைப் பேச்சுவழக்குக்கு அரிய சான்றாகும். 1578இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' பதினாறே பக்கங்களைக் கொண்டது. இறைவனுக்குத் தம்பிரான் என்னும் சொல்லை ஆண்ட அடிகளார், சடங்குகளுக்கும் சமயக் கருத்துகளுக்கும் போர்த்துகீசியச் சொற்களைப் பெரும்பாலும் அப்படியே ஒலிபெயர்த்தார். 'மிசா' தமிழர் செவியில் 'மீசை' எனக் கேட்டது என்றும், அதனாலேயே பின்வந்தோர் 'பூசை' என்னும் சொல்லை நாடினர் என்றும் கூறுவர்.

1606இல் மதுரை வந்த இராபர்ட்டு தெ நொபிலி கண்ட இடர் இன்னும் கூர்மையானது. அவருக்கு முன்னரே மதுரையில் இருந்த கொன்சாலோ பெர்னாண்டசு, திருமுழுக்குப் பெற வருவோரிடம் பரங்கிக் குலத்தில் சேர விருப்பமா என்னும் பொருள்பட வினவினார். கேட்பவர் கருதியது சமயம். கேட்டவர் செவியில் விழுந்தது சாதி. பரங்கி என்பது போர்த்துகீசியரையும் அவர்தம் உணவு, ஒழுக்கம், உறவு ஆகியவற்றையும் குறித்த சொல்லாதலின், மதுரையில் அவ்வினாவுக்கு விடை கிடைக்கவில்லை. ஒரு சொல்லின் அகராதிப் பொருளும் சமூகப் பொருளும் வேறுபடும் இடத்தில் மொழிபெயர்ப்பாளன் இடறி விழுவதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டுக் காண்டல் அரிது. நொபிலி வடமொழியும் தமிழும் கற்று, சருவேசுரன் முதலிய சொற்களை வழக்கிற்குக் கொணர்ந்தார். அவர் இடர் தீர்ந்ததா என்பது வேறு வினா. சாதி வேற்றுமையை ஏற்றுக்கொண்டார் என்னும் குற்றச்சாட்டு அவர்மீது அவருடைய சபையினராலேயே சுமத்தப்பட்டது.

தரங்கம்பாடி: மணலில் எழுதியவர்

பார்த்தலோமேயு சீகன்பால்கும் என்றிக்கு புளுட்சோவும் 1706 சூலை 9ஆம் நாள் தரங்கம்பாடியில் இறங்கினர். டேனியக் குழுமத்தின் அலுவலர் அவர்களை வரவேற்கவில்லை. தூதர்களை அனுப்பியவர் டென்மார்க்கு மன்னரேயாயினும், கோட்டையில் இருந்தோர்க்கு வாணிகமே முதன்மையாயிருந்தது. முதலிற் போர்த்துகீசிய மொழியைப் பயின்ற சீகன்பால்கு, பின்னர் எழுபது வயதான திண்ணைப்பள்ளி ஆசிரியர் ஒருவரைத் தம் இல்லத்திலேயே பள்ளி நடத்துமாறு வேண்டினார். சிறுவர்களோடு தரையில் அமர்ந்து மணலில் விரலால் எழுத்துப் பழகினார். செருமனியில் உயர்கல்வி பயின்று சமயப்பட்டம் பெற்று வந்த இளைஞர் ஒருவர் ஐந்து வயதுச் சிறுவர்க்கு ஒப்ப அமர்ந்ததைத் தாழ்மைக்கு எடுத்துக்காட்டாகச் சபை வரலாற்றாசிரியர் காட்டுவர். மொழியியலார்க்கு அதன் சிறப்பு வேறு. தம்மைத் திருத்தத்தக்கவர் நடுவில் தம்மை நிறுத்திக்கொள்ளும் ஒழுங்கை அவர் முதல் ஆண்டிலேயே ஏற்படுத்திக்கொண்டார். ஆசிரியர் பொருளுணர்த்த அறியாத இடங்களில், போர்த்துகீசியமும் டேனியமும் செருமானியமும் ஓரளவு அறிந்த அழகப்பன் என்பவர் மொழிபெயர்ப்பாளராகத் துணைநின்றார்.

1708ஆம் ஆண்டு இவ்வொழுங்கின் பயனைக் காட்டுகிறது. அவ்வாண்டில் சீகன்பால்கு தாம் திரட்டிய ஓலைச்சுவடிகளுக்கு விளக்கப் பட்டியல் ஒன்று வகுத்தார். அதில் இந்து சமயத்தார் இயற்றியனவாக மட்டும் 119 நூல்கள் குறிக்கப்பட்டுள்ளன. நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி ஆகியவற்றை அதே ஆண்டில் செருமானியத்தில் பெயர்த்தார். உரைநடைச் சொற்களுக்கும் செய்யுட் சொற்களுக்கும் தனித்தனியே அகராதி தொகுத்தார். அக்டோபர் 17ஆம் நாள் புதிய ஏற்பாட்டின் மொழிபெயர்ப்பைத் தொடங்கினார். பட்டியலின் குறிப்புகளைப் படிப்போர்க்கு ஓர் உண்மை புலனாகும். நூலின் கருத்தை மறுக்கும் இடத்தும் அதன் நடையை அவர் சுவைத்திருக்கிறார். மறுக்க வந்தவன் சுவைக்கத் தொடங்கியதே அவர் பெற்ற முதல் இன்பம் எனலாம்.

இடர்களுக்கும் அவ்வாண்டில் குறைவில்லை. ஐரோப்பாவினின்று பணிக்கென வந்த பணப்பெட்டி கரையிறக்கும்போது கடலில் மூழ்கியது. நவம்பரில் கோட்டைத் தலைவர் அசியசு அவரைச் சிறையிட்டார். ஏறத்தாழ நான்கு திங்கள் நீடித்த அச்சிறைவாழ்வை வாழ்க்கை வரலாற்று நூல்கள் யாவும் விரித்துரைக்கின்றன. அழகப்பன் ஊரைவிட்டு அகல நேர்ந்ததை அவை ஒரு தொடரில் முடித்துவிடும். தூதர் சிறையினின்று மீண்டபின் தம் பணியைத் தொடர இயன்றது. அவருக்கு மொழி கற்பித்தவர்க்கு இழப்பீடு எதுவுமில்லை. சமய மாற்றத்துக்கு உடன்பட்ட இளம் புலவர் கணபதி வாத்தியார் தம் குடும்பத்தாரிடம் பட்ட துன்பமும் இத்தகையதே. அயலகப் பணியின் துன்பம் எனப் பேசப்படுவதில் ஒரு பெரும்பகுதி, அயலகத்தினின்று வாராதவர் தோளில் விழுந்த சுமை. இதனைக் கணக்கில் கொள்ளாத வரலாறு அரைகுறையானது.

1711 மார்ச்சு 31இல் மொழிபெயர்ப்பு முடிந்தது. அச்சுப்பொறி வந்துசேர்ந்த கதையோ தனிப் புராணம். இலண்டன் கிறித்தவ அறிவு வளர்ச்சிக் கழகம் அனுப்பிய பொறியை ஏற்றிவந்த கப்பலைப் பிரெஞ்சுக்காரர் இரியோ தெ சனைரோவில் கைப்பற்றினர். பொறி மீட்கப்பட்டது, உடன்வந்த அச்சர் வழியிலேயே இறந்தார். ஆலேயிலிருந்து வந்த தமிழ் எழுத்துகள் மிகப் பெரியனவாயிருந்து தாளை விழுங்கின. பொறையாற்றில் சிறிய எழுத்துகள் வார்க்கப்பட்டன. அவற்றுக்கு வேண்டிய ஈயத்தில் இங்கிலாந்தினின்று வந்த பாலாடைக்கட்டிப் பெட்டிகளின் உறையும் சேர்ந்தது என்பது மரபு. இதனால் நற்செய்திகளும் திருத்தூதர் பணிகளும் பெரிய எழுத்தில் 1714இலும், எஞ்சியவை சிறிய எழுத்தில் 1715இலும் வெளிவந்தன.

அஞ்சு வேத பொஸ்தகம்

1714இல் வெளிவந்த பகுதி 'அஞ்சு வேத பொஸ்தகம்' என்னும் பெயருடையது. பாதிரித் தமிழை எள்ளுவோர் இப்பெயரினின்றே தொடங்குவது வழக்கம். ஐந்து என்பது அஞ்சாகவும் புத்தகம் என்பது பொஸ்தகமாகவும் சிதைந்துள்ளன என்பது அவர் கூற்று. சிதைவு என்பது இலக்கண நூலாரின் சொல். மொழியியலார் இங்குக் காண்பது முறையான மாற்றம். ஐந்து என்பது அஞ்சு ஆதல் தமிழில் மிகப் பழைய அண்ணச்சாயல். புகரம் பொகரமாதல், குடம் என்பது கொடம் என்றும் உலக்கை என்பது ஒலக்கை என்றும் வழங்குவதோடு ஒத்த உயிர்த்தாழ்வு. சோழர் கல்வெட்டுகளில் வரும் 'வரிப்பொத்தகம்' என்னும் அலுவற்பெயரை நினைவுகூர்வோர் சீகன்பால்கைக் குறைகூறத் தயங்குவர். 1714இல் காவிரிக் கடைமடைப் பகுதியில் எழுத்தறிந்தோர் பேசியவாறே ஒரு நூலுக்குப் பெயர் சூட்டப்பட்டிருக்கிறது என்பதே இங்கு அறியத்தக்கது. எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் வடிவில் வேறுபடுத்தப்படாத, மெய்க்குப் புள்ளியிடாத அக்கால எழுத்துமுறையில் அந்நூலைப் படித்தவர்க்குப் பேச்சறிவு இன்றியமையாததாயிருந்தது என்பதும் கருதத்தக்கது.

வீரமாமுனிவர் தம் வேதவிளக்கத்தில் தரங்கம்பாடி மொழிபெயர்ப்பைக் கடுமையாகச் சாடினார். அவர் சாடலில் சமயப்பூசல் பாதி, மீதி உண்மை. வேற்றுமைத் தொடர்களின் நெருக்கமும், மூலத்தின் சொல்லொழுங்கை விடாது பற்றுவதால் எழும் இடர்ப்பாடும் சீகன்பால்கு மொழிபெயர்ப்பில் உள்ளன. தேம்பாவணி பாடியவரின் செவிக்கு அவை பொறுக்கலாகாதவையே. ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. கொடுந்தமிழுக்கு இலக்கணம் வகுத்தபோது வீரமாமுனிவரும் அதே பேச்சுவழக்கையே ஆராய வேண்டியவரானார். அவ்விலக்கணம் 1738இல் அச்சேறியது அவர் சாடிய தரங்கம்பாடி அச்சகத்திலேயே. சமயத்தால் பகைத்தோர் மொழியில் ஒருவரையொருவர் தேவையெனக் கண்ட இடம் இது.

சீகன்பால்கின் மொழித்திறத்தை அளக்கப் புதிய ஏற்பாடு ஒன்றே போதாது. 1712 முதல் அவர் தமிழர்க்கு வினாக்கள் விடுத்துப் பெற்ற 99 மடல்கள் செருமானியப் பெயர்ப்பில் 1714இலும் 1717இலும் ஆலேயில் அச்சிடப்பட்டன. அவற்றுட் பல அழகப்பன் எழுதியனவே எனக் கருதுவோர் உளர். யார் எழுதியிருப்பினும், கிறித்தவர்களின் உணவும் குடியும் தூய்மையின்மையும் அம்மடல்களில் கண்டிக்கப்படுகின்றன; தூதர் அக்கண்டனங்களையும் மறையாது ஐரோப்பாவுக்கு அனுப்பினார். 1713இல் அவர் எழுதி முடித்த தென்னிந்தியத் தெய்வங்களின் மரபுவரலாற்றை ஆலேயில் பிராங்கே அச்சிடவில்லை. புறச்சமயத்தை வேரறுக்கவே தூதர் அனுப்பப்பட்டனர், அதன் கதைகளை ஐரோப்பாவில் பரப்புதற்கன்று என அவர் கருதியதாகக் கூறுவர். கெர்மான் பதிப்பித்துச் சென்னையில் அந்நூல் வெளிவந்தபோது ஆண்டு 1867. கையெழுத்துப்படி 154 ஆண்டுகள் காத்திருந்தது.

1716இல் ஆலேயில் வெளிவந்த 'கிராமாத்திகா தமுலிகா' என்னும் இலத்தீன் வழித் தமிழிலக்கணத்துக்கும் தமிழ்த்துணை உண்டு. சீகன்பால்குடன் ஐரோப்பா சென்ற மலையப்பன் என்னும் இளைஞரே அத்துணை. அயலகப் பணியின் இடரை எண்ணுவோர் மலையப்பனின் கடற்பயணத்தையும் அக்கணக்கில் சேர்க்கலாம். தமிழ்நாட்டு இளைஞர் ஒருவர் செருமானியக் குளிரில் இருந்துகொண்டு தம் தாய்மொழியின் வினைவடிவங்களை எடுத்துரைத்ததும் அயலகப் பணியேயன்றோ?

சீகன்பால்கை இறுதியில் வருத்தியது தமிழகத்தின் வெயிலோ கோட்டைச் சிறையோ அன்று. கோபனேகனில் பணிக்குழுவின் செயலராயிருந்த வெண்டு, தூதர் கட்டடமும் குடும்பமும் செலவுமின்றித் திருத்தூதர்போல் ஊரூராகச் செல்லவேண்டும் எனக் கருதிக் கடிந்து எழுதினார். புதிய எருசலேம் ஆலயம் 1718இல் எழுந்த வேளை அது. தமிழ் கேளாத, தரங்கம்பாடியைக் காணாத ஒருவர் திருத்தும் உரிமையைக் கைக்கொண்டபோது தூதர் தளர்ந்தார். 1719 பிப்ரவரி 23இல் நாற்பது வயதை எட்டாமலே மறைந்தார். மணலில் எழுதிய சிறுவரின் திருத்தத்தை மகிழ்ந்து ஏற்றவரை ஒரு மடல் முறித்தது.

'பாதிரித் தமிழ்' உருவாகிய இடம்

இன்று பாதிரித் தமிழ் என அடையாளம் காணப்படும் நடை சீகன்பால்கினது அன்று. அது பப்ரிசியசின் மொழிபெயர்ப்பில் நிலைபெற்று, 1871இன் ஐக்கியப் பதிப்பில் உறுதிப்பட்டது. 1740இல் தரங்கம்பாடிக்கு வந்து 1742 முதல் சென்னை வேப்பேரியில் பணியாற்றிய பப்ரிசியசு தமிழை ஆழ்ந்து அறிந்தவர்; 1779இல் வெளிவந்த தமிழ்–ஆங்கில அகராதி அவருடையது. அவர் முதுமை துயரமானது. பிறர் ஒப்படைத்த பணத்தைக் கடனாக வழங்கி இழந்து, கடனாளியாகச் சிறையும் கண்டு, 1791இல் மறைந்தார். பழைய ஏற்பாடு முழுதும் அச்சேறி முடிந்தது அவர் மறைவுக்குப் பின்னரே. வாழ்நாளில் அவரைக் கைவிட்ட சபையார் அவர் சொற்களைக் கைவிடவில்லை. லூத்தரன் திருச்சபையினர் பிற பதிப்புகள் வந்தபின்னும் நெடுங்காலம் பப்ரிசியசின் பெயர்ப்பையே ஓதிவந்தனர்.

இந்நடையின் குறிகளாக எடுத்துக்காட்டப்படுவனவற்றுள் இரண்டை இங்கு ஆராய்தல் தகும்.

ஒன்று, '-க்கடவது', '-க்கடவர்' என முடியும் ஏவற்பொருள் வினை. இதனை அயலார் புனைந்த வடிவமெனக் கருதுவோர் உளர். கல்வெட்டுகளில் விளக்கெரிக்கவும் நெல்லளக்கவும் கடமைப்பட்டோர் 'எரிக்கக்கடவோம்' என்றும் 'அளக்கக்கடவர்' என்றும் ஒப்புக்கொள்ளும் தொடர்களைக் கண்டோர் அவ்வாறு கருதார். ஆவணத் தமிழில் பிணைப்புப் பொருள் தந்த வடிவமொன்று மறைநூலில் ஆணைப்பொருள் ஏற்றது எனக் கொள்ள இடமுண்டு. கணக்கரும் எழுத்தரும் தூதர்க்குத் துணையிருந்தமையை நோக்க, இவ்வழி இயல்பானதே.

மற்றொன்று, 'தேவன்' என்னும் அன்னீற்று எழுவாய் 'சொன்னார்', 'செய்தார்' என ஆரீற்று வினை கொள்வது. இயைபு வழு எனப் பள்ளிமாணவரும் சுட்டுவர். சைவ உரைநடையில் 'சிவபெருமான்' 'அருளிச்செய்தார்' என முடிவதை அவரே வழுவாகக் கொள்ளார். உயர்வுப் பன்மை வினையில் மட்டும் தோன்றுதல் தமிழர் தம் தெய்வத்தைப் பேசிய முறையே. வேறுபாடு எங்குளது எனின், 'பெருமான்' என்னும் பெயரில் உயர்வு உள்ளடங்கியிருக்க, 'தேவன்' பலருள் ஒருவனைக் குறிக்கும் வெறும் ஒருமையாய் நிற்பதில் உளது. குறை வினையில் இல்லை, பெயர்த்தேர்வில் உள்ளது.

அப்பெயர்த்தேர்வின் வரலாறு தனியே ஆராயத்தக்கது. தம்பிரான், சருவேசுரன், பராபரன், தேவன், கடவுள் என ஐந்து சொற்கள் நான்கு நூற்றாண்டுகளில் மாறி மாறி ஆளப்பட்டன. சருவேசுரனைச் சீகன்பால்கு கத்தோலிக்கரிடமிருந்து ஏற்றார். பப்ரிசியசு பராபரனை விரும்பினார். ஐக்கியப் பதிப்பு தேவனைக் கொண்டது. இருபதாம் நூற்றாண்டுத் திருத்தப் பதிப்பும் 1995இன் திருவிவிலியமும் கடவுளை ஏற்றன. ஒவ்வொரு மாற்றத்தின்போதும் எதிர்ப்பு எழுந்தது. எதிர்த்தவர் புறச்சமயத்தார் அல்லர். பழைய சொல்லால் இறைவனை வேண்டிப் பழகிய தமிழ்க் கிறித்தவரே. அவர்க்குப் பராபரன் என்பது ஒரு மொழிபெயர்ப்பாளரின் தேர்வன்று. தாய் தந்தையர் இறக்கும்போது சொன்ன பெயர். மொழிபெயர்ப்பாய்வு இவ்வுணர்வைப் பழமைப்பற்று என ஒதுக்குதல் எளிது. அவ்வாறு ஒதுக்கினால் மொழி எவ்வாறு ஒருவர்க்கு உரியதாகிறது என்பது விளங்காமற்போம்.

யாழ்ப்பாணத்து முயற்சியின் முடிவு இதனை உறுதிப்படுத்தும். பேர்சிவல் பாதிரியார் ஆறுமுக நாவலரின் துணையோடு செய்த மொழிபெயர்ப்பு 1850இல் வெளிவந்தது. நாவலர் சைவர், நூலின் கொள்கையை ஏலாதவர், தமிழை மட்டும் திருத்தியவர். பண்டிதர் அதன் மொழியைப் பாராட்டினர். தென்னிந்தியச் சீர்திருத்தச் சபையார் ஏற்கவில்லை. தமிழ் நன்றாயிருத்தல் தடையாகும் இடமும் உண்டு. திருநெல்வேலியில் இரேனியசு 1827இல் மறைநூல் பெயர்ப்பு நெறிகள் பற்றித் தனிநூலே எழுதி, தமிழ் மரபு கெடாமல் பெயர்க்க முயன்றார். மூலத்தை மிக விரித்துவிட்டார் என்னும் குறை அவர்மீதும் எழுந்தது.

புணே மாவட்டத்திலிருந்து ஒரு மாற்றுச்சான்று

அயலாரே இக்குறைகளுக்குக் காரணமெனின், தாய்மொழியாளர் பெயர்த்தால் அவை நீங்கவேண்டும். இதனைச் சோதித்தற்கு மராத்தியில் தக்க சான்று உண்டு. பண்டித இரமாபாய் (1858–1922) வடமொழிப் புலமைக்காகக் கல்கத்தாவில் பண்டிதா எனப் பட்டம் பெற்றவர். 1874ஆம் ஆண்டளவில் சென்னை மாநிலப் பஞ்சத்தில் பெற்றோரை இழந்தவர். 1883இல் இங்கிலாந்தில் திருமுழுக்குப் பெற்றார். அங்கு அவர் பெற்ற அனுபவம் தூதர் கதையின் மறுதலை. தாம் அணியும் சிலுவையில் இலத்தீன் சொற்கள் எதற்கு, தம் முன்னோர் மொழியாகிய வடமொழி அதனினும் எவ்வகையில் தாழ்ந்தது எனத் தம் ஆன்மிகத் தாயாக விளங்கிய துறவியிடம் வாதிட்டார். அயல்நாட்டுச் சபையில் அவரைத் திருத்த முற்பட்டோர் பலர். அவர்களைத் தாமும் திருத்தினார்.

நாடு திரும்பியபின் புணேக்குத் தென்கிழக்கே கேட்காவில் அவர் நிறுவிய முக்தி இல்லத்துக்குப் பஞ்சத்தில் வாடிய பெண்கள் நூற்றுக்கணக்கில் வந்து சேர்ந்தனர். வழக்கிலிருந்த மராத்தி மறைநூல் அப்பெண்களுக்கு விளங்கவில்லை. அதிலிருந்த வடசொற்கள் புணே நகர் அந்தணர்க்கு எளியவை. சாகண் சந்தையில் வெங்காய மூட்டையோடு அமர்ந்திருக்கும் குணபி மகளுக்கு அயன்மொழி. இதனை முதலில் உணர்ந்தவர் வடமொழிப் பண்டிதையே என்பது வியப்பன்று. எவை வடசொற்கள், அவற்றுள் எவை தத்துவச் சார்புடையன என அறிந்தவர்க்கே அவற்றை விலக்க இயலும். எபிரேயமும் கிரேக்கமும் பயின்று, முழு மறைநூலையும் எளிய மராத்தியில் தனியொருவராகப் பெயர்த்தார். அச்சுக்கோத்தவர்களும் அவ்வில்லத்துப் பெண்களே. 1922 ஏப்ரல் 5இல் அவர் மறையுமுன் பணி முடிவுற்றது. நூல் 1924இல் வெளிவந்தது.

அதன் பின்விளைவு யாழ்ப்பாணத்து முயற்சியை ஒத்ததே. மராத்திச் சபைகள் பழைய பெயர்ப்பையே பெரிதும் தொடர்ந்து ஓதின. பெயர்த்தவர் தாய்மொழியாளர், புலமையில் ஒப்பற்றவர், கேட்போரோடு ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தவர். எனினும் அவரைத் திருத்தும் உரிமை பெற்றிருந்தோர் முக்தி இல்லத்துப் பெண்கள் மட்டுமே. சபைகளின் பொதுவழக்கு அவ்வில்லத்தின் மதிலுக்கு வெளியே வேறாக வளர்ந்திருந்தது. அயலான், உள்நாட்டான் என்னும் பாகுபாடு மொழிபெயர்ப்பின் ஏற்பினை விளக்கப் போதுமானதன்று என்பதற்கு இச்சான்று ஒன்றே அமையும்.

மராத்தியிற் கிறித்தவ இலக்கியம் இரமாபாயோடு தொடங்கியதுமன்று. ஆங்கிலேயராகிய தாமசு இசுடீபன்சு கோவாவில் ஓவி யாப்பில் இயற்றிய கிறித்துபுராணம் 1616இல் அச்சேறியது. வீரமாமுனிவர்க்கு ஒரு நூற்றாண்டு முந்திய இம்முயற்சியைத் தேம்பாவணியோடு ஒப்பிட்டு விரிவாக ஆராய்வது தமிழில் இன்னும் செய்யத்தக்க பணி.

தமிழரும் அயலகத் தூதராயினர் என்பது இவ்வாய்வில் பெரிதும் கவனம் பெறாத செய்தி. 1903இல் பாளையங்கோட்டையில் தோன்றிய இந்திய மிசனெரி சங்கம் தெலுங்கு நாட்டின் தோர்ணக்கல்லுக்குத் தன் தூதரை அனுப்பியது. சங்கத்தைத் தோற்றுவித்தோருள் ஒருவரும் திருநெல்வேலி வெள்ளாளன்விளையிற் பிறந்தவருமான வே. ச. அசரியா 1909இல் அங்குச் சென்று தெலுங்கு கற்றார்; 1912இல் பேராயரானார். வெளிநாட்டார் தம்மூரில் தமிழ் பேசிய பாங்கினை இளமையில் கேட்டிருந்த ஒருவர், நடுவயதை நெருங்குகையில் சிற்றூர்த் தெலுங்கர் நடுவே தாமே தடுமாறி நின்றார். தமிழ்ப் பாதிரியாரின் தெலுங்கு எவ்வாறிருந்தது, யார் திருத்தினர் என்னும் வினாக்களைத் தமிழ் ஆய்வாளர் இன்னும் எழுப்பவில்லை.

ஆவணங்களின் தன்மையும் இவ்வினாக்களைத் தள்ளிவைத்தற்கு ஒரு காரணம். ஆலேயில் தரங்கம்பாடித் தூதரின் கடிதங்களும் ஓலைச்சுவடிகளும் பேணப்பட்டுள்ளன. அவற்றைத் தேடிச் செல்வோர் பெரும்பாலும் தூதரின் பெயரையே தேடுகின்றனர். ஓலையில் எழுதிய கை வேறொருவருடையது. 1578இல் கொல்லத்தில் அச்சான பதினாறு பக்க நூலின் முகப்பில், அண்டிரிக் அடிகளாரோடு மனுவேல் தெ சான் பெத்ரோ என்னும் மற்றொரு குருவும் பெயர்த்தவராகக் குறிக்கப்பட்டுள்ளார்.